பழைய கிட்டார் பெடல் விற்க ஓச்சானோமிசு: என் அனுபவம்

டோக்கியோவில் பதினோரு வருடம் இருந்துவிட்டு அடுத்த மாதம் திருச்சிக்கே திரும்புகிறோம். பாத்திரம், துணி, புத்தகம் எல்லாவற்றுக்கும் வழி பிறந்துவிட்டது. கடைசி வரை இழுத்தது என் கிட்டார் சாமான்கள்தான். எல்லாமே ஜப்பானில் செய்த பழைய எஃபெக்ட் பெடல்கள், அதாவது கிட்டாரின் ஒலியை மாற்றித் தரும், காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிகள். கூடவே பாஸ் கம்பெனியின் ஜிஇ-10 என்ற பத்து பேண்ட் ஈக்வலைசர்: ஒலியைத் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை பத்துப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு ஸ்லைடரால், அதாவது மேலும் கீழும் தள்ளும் குமிழால், ஏற்றி இறக்கும் கருவி. இதில் மூன்றை, டோக்கியோவின் கிட்டார் கடைத் தெருவான ஓச்சானோமிசுவில் விற்றுவிட்டு வந்தேன். ஊருக்குக் கிளம்பும் நம்மவர்கள் பலர் இதே குழப்பத்தில் இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

எதை விற்பது, எதை எடுத்துப்போவது என்பதை மின்சாரமே முடிவு செய்துவிட்டது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் 230. ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்னப் பெடல்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஜிஇ-10 அப்படியல்ல. 1970-களின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்தக் கனமான உலோகப் பெட்டியை நேராகச் சுவர்ப் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். ஊரில் அதற்கென்று தனியாக ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாக வேண்டும். யாராவது தெரியாமல் நேரே செருகிவிட்டால் அன்றோடு அதன் கதை முடிந்தது. அந்தப் பயத்தோடு அதை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் முதலில் விற்க வேண்டியது அதுதான் என்று முடிவு செய்தேன்.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில், நிஷிகசாயில் உள்ள ஒரு பொதுப் பழம்பொருள் கடைக்கு. ஃப்ரிட்ஜ், சைக்கிள், குழந்தை வண்டி எல்லாம் வாங்குகிற கடை. மூன்றையும் மேசைமேல் வைத்தேன். கவுண்டரில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், போனில் ஏதோ தேடினார், மூன்றுக்கும் சேர்த்து 3,000 யென் என்றார். ஒன்றைக்கூட மின்சாரத்தில் மாட்டிப் பார்க்கவில்லை. விலை குறைவு என்பதைவிட இதுதான் எனக்கு உறுத்தியது. ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமலே வாங்கினால், தெரியாமலேதான் அடுத்தவருக்கு விற்பார்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஓச்சானோமிசு. நிஷிகசாயிலிருந்து தோசாய் லைனில் ஓத்தேமாச்சி போய், சியோதா லைனுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷனே ஷின்-ஓச்சானோமிசு. மேலே ஏறி வந்தால் மெய்ஜி பல்கலைக்கழகத்தை ஒட்டிச் சரிவாக இறங்கும் சாலை. இரண்டு பக்கமும் கிட்டார் கடைகள். ஒரு கடை பேஸுக்கு மட்டும், ஒன்று அக்குஸ்டிக்குக்கு மட்டும், ஒன்று முழுக்கப் பழைய சாமான். இப்படியே கடை பார்த்துக்கொண்டு சரிவின் அடிக்குப் போனால் ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகள் தொடங்கிவிடும். பழையதை மதிக்கிற தெருக்கள் இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பழைய கருவிகள் வாங்கும் கடைகளில் 'கைதோரி' என்று பலகை இருக்கும். விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று பொருள். நான் ஏறியது சரிவின் பாதியில், மாடியில் உள்ள ஒரு சின்னக் கடை. கவுண்டரில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். பெடல்களை வாங்கி ஒரு துணியை விரித்து அதன்மேல் வைத்தார். பிறகு அவர் செய்த காரியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜிஇ-10-ஐ ஒரு ரோலண்ட் ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கி) இணைத்தார். கிட்டாரில் ஒரே ஒரு ஈ கார்டை (கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) அடித்து ஒலிக்கவிட்டு, இடது ஓரத்து ஸ்லைடரைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளினார். மிக மெதுவாக. மேலே போனதும் அதே வேகத்தில் கீழே. மறுபடி கார்டு, அடுத்த ஸ்லைடர். நான்காவதை நடுவில் கொண்டுவந்தபோது ஆம்பிலிருந்து கரகர என்று சத்தம். அதே இடத்தில் நகத்தால் லேசாக முன்னும் பின்னும் அசைத்துக் கேட்டார். ஜப்பானியர்கள் இந்தச் சத்தத்துக்கு 'கரி' என்கிறார்கள். நம் கரகரப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிற சொல்! ஒரு சீட்டில் "4 - கரி, சிறிது" என்று எழுதினார். பத்து ஸ்லைடரும் முடிய ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

பழைய ஈக்வலைசர்களுக்கு வருகிற முதல் வியாதியே இதுதான். ஸ்லைடர் நகர்வதற்கான நீளத் துளை மேல்பக்கம் திறந்தே இருக்கும். நாற்பது வருடத் தூசு முழுக்க அதன் வழியாகத்தான் உள்ளே இறங்கும். திருகும் குமிழ் உள்ள பெடலுக்கு இந்த அளவு பாதிப்பு இல்லை. ஆகவே பழைய கிராஃபிக் ஈக்வலைசர் எதை வாங்கினாலும், விற்றாலும், ஒவ்வொரு ஸ்லைடரையும் ஒலி ஓடும்போதே தள்ளிப் பார்க்க வேண்டும். சும்மா ஆன் செய்து, விளக்கு எரிகிறது, சரி என்று சொல்வது சோதனையே இல்லை.

ஜிஇ-10 போன்ற சுவர்ப் பிளக் சாமான்கள் இன்று கடையில் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு போராட்டமே இருக்கிறது. 2001-ல் வந்த மின்சாதனப் பாதுகாப்புச் சட்டப்படி, பிஎஸ்இ என்ற பாதுகாப்பு முத்திரை இல்லாத பழைய மின்கருவிகளை 2006 ஏப்ரலிலிருந்து கடைகள் விற்கவே கூடாது என்ற நிலை வந்தது. பழைய சிந்தசைசர், ஆம்ப், ஈக்வலைசர் எதிலும் அந்த முத்திரை இருக்காதே! இசைக்கலைஞர்கள் கொதித்தார்கள். இசையமைப்பாளர் ரியுஇச்சி சகாமோட்டோ போன்றவர்கள் முன்னால் நின்று கையெழுத்து திரட்டினார்கள். அரசு இறங்கிவந்து அரிய பழைய இசைக்கருவிகளுக்கு ஒரு பட்டியல் போட்டு விலக்கு கொடுத்தது. 2007-ல் சட்டமே திருத்தப்பட்டது. அவர்கள் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் என் பெட்டியைக் கடைக்காரர் தொட்டிருக்கவே முடியாது.

அடுத்தது பாஸின் சிஇ-2 கோரஸ், ஒரே கிட்டாரைப் பல கிட்டார் சேர்ந்து வாசிப்பதுபோல் ஒலிக்கவைக்கும் பெடல். வெளிர் நீலம், இரண்டே குமிழ். உள்ளே எம்என்3007 என்ற சிப்தான் அந்த நீரோட்டம் மாதிரியான ஒலியைத் தருகிறது. எனக்கு அதன் விளக்கு மங்கலாக எரிவதில் நெடுநாள் கவலை. போர்டு போய்க்கொண்டிருக்கிறது என்றே நினைத்திருந்தேன். அவர் பெடலின் மேல்விளிம்பில் உள்ள எழுத்தைக் காட்டினார்: ஏசிஏ. பழைய பாஸ் பெடல்கள் பல ஏசிஏ என்ற 12 வோல்ட் அடாப்டருக்காகச் செய்தவை. அடாப்டர் வழியாக வரும் மின்சாரத்தை உள்ளே ஒரு ரெசிஸ்டர் ஒன்பதை ஒட்டிக் குறைக்கும். நான் மாட்டியிருந்தது இப்போதைய 9 வோல்ட் அடாப்டர். அது மேலும் குறைந்து போனதால்தான் விளக்கு மங்கியது. அவர் புது பேட்டரி ஒன்றைப் போட்டார், விளக்கு பளிச்சென்று எரிந்தது. "இது குறை இல்லை, இந்தக் காலத்துப் பெடலின் இயல்பு" என்று சொல்லி, அதற்காக விலையில் ஒரு யென்கூடக் குறைக்கவில்லை. வேறு யாராவது இருந்தால் "விளக்கே சரியில்லை" என்று என் தலையில் கட்டியிருப்பார்கள். நானும் நம்பியிருப்பேன்.

மூன்றாவது ஐபனெஸ் கம்பெனியின் டிஎஸ்9, 80-களின் தொடக்கத்தில் செய்தது. ஒலியை லேசாக உடைத்துக் கரடாக்கும் ஓவர்டிரைவ் பெடல். பின்தகட்டைத் திறக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் திருகாணியைத் தொட்டார். இந்தப் பெடலுக்கு உள்ளே எந்த சிப் என்பதில்தான் வாங்குபவர்களின் கண். ஜேஆர்சி 4558டி இருந்தால் ஒரு மதிப்பு. என்னுடையதில் தோஷிபா 75558. அதுவும் அந்தக் காலத்து அசல்தான், யாரும் மாற்றிப் போட்டதில்லை என்பதை ஈயப் பற்று வைத்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தே சொன்னார்.

மொத்தம் முக்கால் மணி நேரம். ஜிஇ-10-க்கு 7,000, சிஇ-2-க்கு 9,000, டிஎஸ்9-க்கு 13,000. ஆக 29,000 யென். எதற்கு எவ்வளவு, ஏன் என்று எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தார். ஒன்றை மட்டும் விற்காமல் எடுத்துப்போகலாம், வற்புறுத்தல் இல்லை. பழம்பொருள் வணிகச் சட்டப்படி அடையாளம் பார்ப்பார்கள், ரெசிடென்ஸ் கார்டை மறக்காமல் கொண்டுபோங்கள். முகவரி மாறியிருந்தால் பின்பக்கத்தில் வார்டு ஆபீஸ் முத்திரை இருக்க வேண்டும்.

குறையும் உண்டு. இதே சாமான்களை நானே இணையத்தில் போட்டு விற்றிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்திருக்கும். கடை வாடகை, உத்தரவாதம், பழுது பார்க்கும் செலவு எல்லாம் அவர்களுக்கு இருக்கிறது, அதனால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பணம்தான் முக்கியம், நேரமும் இருக்கிறது என்பவர்களுக்கு இந்தத் தெரு சரிவராது. சனி, ஞாயிறு மதியத்தில் காத்திருக்க வேண்டியிருக்கும். எனக்கு முன்னால் இரண்டு பேர். ஜப்பானிய மொழி சுத்தமாகத் தெரியாதென்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். குறைகளை அவர் விளக்கும்போது புரியாவிட்டால் இந்த அனுபவத்தில் பாதி போய்விடும்.

பெட்டியும் விளக்கத் தாளும் இருந்தால் கட்டாயம் எடுத்துப்போங்கள். சிஇ-2-வின் அட்டைப்பெட்டி என்னிடம் இருந்தது. அதற்கே 1,000 யென் சேர்த்துக் கொடுத்தார். அப்புறம், விற்கப் போகிறோமே என்று ஸ்லைடரில் கண்ட எண்ணெயையும் அடிக்காதீர்கள். அது தூசைப் பிடித்துவைத்துப் பிறகு மோசமாக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோங்கள். பேட்டரி கசிந்து உள்ளே துருப்பிடித்த பெடலை அவர் இன்னொருவருக்குத் திருப்பிக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நான் விற்காமல் வைத்துக்கொண்டது பாஸ் ஜிஇ-7. பாஸுக்கு ஈக்வலைசர் மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு பற்று. 1977-ல் வந்த முதல் மூன்று சின்னப் பெடல்களிலேயே எஸ்பி-1 என்று ஒன்று ஈக்வலைசர்தான். பிறகு ஜிஇ-6, 1981-ல் ஜிஇ-7. இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸிலிருந்து 6.4 கிலோஹெர்ட்ஸ் வரை ஏழு ஸ்லைடர், ஒவ்வொன்றும் 15 டெசிபல் ஏற்றலாம், இறக்கலாம். மொத்த ஒலிக்கு எட்டாவது ஒன்று. ஓவர்டிரைவுக்குப் பின்னால் வைத்து 800 ஹெர்ட்ஸ் ஸ்லைடரை நான்கைந்து டெசிபல் ஏற்றி, 200-ஐக் கொஞ்சம் இறக்கினால் சோலோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே வரும். அதையே ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் எந்த ஸ்தாயி அதிகம் உடைய வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். மேல்பக்க ஸ்லைடர்களை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும், அது இதன் உண்மையான குறை. கடைக்காரர் இதையும் சோதித்துப் பார்த்துவிட்டு, "பேட்டரியில் ஓடுகிறது, கையில் அடங்குகிறது, இதை விற்காதீர்கள்" என்றார். விற்றால் அவருக்கு லாபம். இருந்தும் சொன்னார்.

பத்து நாள் கழித்து, கிட்டார் கம்பி வாங்க அந்தப் பக்கம் போனபோது மாடி ஏறிப் பார்த்தேன். ஜிஇ-10 கண்ணாடி அலமாரியில் இரண்டாவது தட்டில் இருந்தது. மேலே இருந்த அழுக்கெல்லாம் போய், நான் வாங்கிய நாளில்கூட அது அப்படி இருந்ததில்லை. பக்கத்தில் கையால் எழுதிய விலை அட்டை: 15,800 யென். அதன் கீழே சின்ன எழுத்தில், "4-வது ஸ்லைடரில் கரி, சுத்தம் செய்யப்பட்டது, முழுதாகப் போகவில்லை. மின்கம்பி பிற்காலத்தில் மாற்றப்பட்டது." மின்கம்பி மாற்றியது எனக்கே தெரியாது.