டெங்கு இல்லை என்றார்கள், காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை

டிசம்பரில் டொரண்டோவிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆரணிப் பக்கத்துக் கிராமம். மழைக்குப் பிறகு புல் மண்டிய வரப்புகளில் ஆட்டுக்குத் தழை அறுப்பது அவர் அன்றாட வேலை.

டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தப் பரிசோதனை முடிவுகள் மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. கனடாவில் இந்த வேகத்தை நான் பார்த்ததில்லை. டெங்கு இல்லை, மலேரியா இல்லை. தட்டணுக்கள் குறைவு, கல்லீரல் என்சைம்கள் அதிகம். வைரல் காய்ச்சலாக இருக்கும் என்றார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியும் போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. அப்புறம் மூச்சு வாங்கியது, பேச்சு குழம்பியது, நாங்கள் பேசுவதும் காதில் சரியாக விழவில்லை. வயசு அப்படி என்றார்கள்.

வேலூர் சி.எம்.சி.க்குக் கூட்டிப் போனோம். அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் முதலில் கேட்டதே, "வயல் வேலைக்குப் போவாங்களா?" என்றுதான். திரையை இழுத்துவிட்டு, நர்ஸை உடன் வைத்துக்கொண்டு, அக்குள், புடவை கட்டும் இடுப்பு, தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடது மார்புக்குக் கீழே, சிகரெட்டால் சுட்டது போல, சிவந்த விளிம்போடு ஒரு கறுத்த பொருக்கு. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. பெரியம்மாவுக்கே அது தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல்.

புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் இளம்புழு கடித்து வருவது இது. கடித்த இடம்தான் அந்தப் பொருக்கு. கிருமி நம் செல்களுக்குள்ளேயே வாழ்வதால் செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். இந்த நோய்க்கான இரத்தப் பரிசோதனையான ஐ.ஜி.எம். எலைசா முதல் வாரத்தில் பலருக்கு நெகட்டிவாகவே வரும் என்பதால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். நோய் முற்றியிருந்ததால் இரண்டு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியாகவே ஏற்றினார்கள். அப்படிச் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று 2023இல் வெளியான இந்திய ஆய்வில் இதே மருத்துவமனைக்கு முக்கியப் பங்கு உண்டு. இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்தது. காது கேட்பது மெல்லத்தான் திரும்பியது.

எனக்கு ஆறாதது ஒன்றுதான். முதல் மருத்துவமனையில் யாருமே உடம்பைப் பார்க்கவில்லை. ஆண் டாக்டர் ரவிக்கைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். பெரியம்மாவும் தானாகக் காட்டியிருக்க மாட்டார். நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தப் பொருக்கு பெரும்பாலும் ஆடைக்குள்தான் இருக்கும். ஒரு திரையும் ஒரு நர்ஸும் போதும், கண்டுபிடித்துவிடலாம். பெண் டாக்டர் பார்க்கட்டும் என்று வீட்டார் தயங்காமல் கேளுங்கள். பொருக்கு எல்லாருக்கும் இருக்காது என்பதால், இல்லாவிட்டாலும் இந்த நோயை ஒதுக்கிவிட முடியாது.

கடித்து மூன்று வாரம் வரைகூட காய்ச்சல் தள்ளிப்போகலாம். ஊரில் தோட்டம், வயல் என்று சுற்றிவிட்டு டொரண்டோ திரும்பியபின் காய்ச்சல் வந்தால், அங்கே மலேரியாவையும் டெங்குவையும் முதலில் பார்ப்பார்கள். அது சரிதான். கூடவே எந்தப் பக்கம் போனீர்கள், புல்வெளியில் உட்கார்ந்தீர்களா என்பதைச் சொல்லி, ஸ்க்ரப் டைஃபஸாக இருக்குமா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.