30 வினாடி யோசனை, 2 நிமிடப் பேச்சு: ஓர் உடனடிப் பேச்சு வகுப்பைப் பற்றி

“தயாரிப்பே இல்லாமல் எந்தத் தலைப்பிலும் பேசலாம்” என்ற அறிவிப்பைப் பார்த்துத்தான் இந்த இணையவழி வகுப்பில் சேர்ந்தேன். எட்டு வாரங்கள், வாரத்திற்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டு பேர், ஒரு பயிற்றுநர். முடிந்த கையோடு எழுதினால் புகழ்ச்சி கூடிவிடும் என்பதால் ஒரு மாதம் கழித்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அறிவிப்பில் சொன்னதை இந்த வகுப்பு கற்றுத்தரவில்லை. ஆனால் எனக்குப் பயன்பட்டவை அனைத்தும் அறிவிப்பில் சொல்லப்படாத தயாரிப்பு முறைகளே என்பதால், அதை ஒரு குறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

நடைமுறை எளிமையானது. திரையில் ஒரு தலைப்பு வரும். யோசிக்க 30 வினாடி, பேச 2 நிமிடம். முதல் நிமிடம் முடிந்ததும் திரையின் மூலையில் பச்சை, ஒன்றரை நிமிடத்தில் மஞ்சள், இரண்டு நிமிடத்தில் சிவப்பு தோன்றும். 1924-இல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்னும் பேச்சுப் பயிற்சி மன்றங்களில் உடனடிப் பேச்சுக்கு வழங்கிவரும் 2 நிமிட அளவும் விளக்கு முறையும் இவையே. அங்கிருந்து எடுத்துக்கொண்டதாகப் பயிற்றுநரும் முதல் நாளிலேயே சொல்லிவிட்டார். முதல் வாரத்தில் எங்களில் பாதிப்பேர் பச்சை வருவதற்குள் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்றுவிட்டோம். நான்காம் வாரத்தில் அதே ஆட்கள் சிவப்பு வந்த பிறகும் நிறுத்த வழி தெரியாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த இரண்டு சங்கடங்களுக்கும் மூன்றாம் வாரத்தில் சொல்லப்பட்ட ஒரே யோசனை மருந்தாக இருந்தது. அப்போது அதை நாங்கள் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கிடைக்கும் 30 வினாடியில் தொடக்கத்தைத் தேடாமல் கடைசி வாக்கியத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே அந்த யோசனை. ‘சாவி’ என்ற தலைப்பு எனக்கு வந்தபோது, முதலில் சாவியின் வகைகளும் பூட்டின் வரலாறும்தான் மனதில் வந்தன. அந்த வழியில் போயிருந்தால் நாற்பது வினாடியில் தீர்ந்திருப்பேன். அதை விட்டுவிட்டு, “வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை யாரிடம் கொடுக்கிறோமோ, அவரே நமக்கு நெருக்கமானவர்” என்று முடிப்பதாகத் தீர்மானித்துக்கொண்டேன். போய்ச் சேரும் இடம் தெரிந்துவிட்டதால், எங்கள் சாவியைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்வது மட்டுமே மீதமிருந்தது. எட்டு வாரத்தில் நான் நன்றாகப் பேசிய ஓரிரு பேச்சுகளில் அதுவும் ஒன்று.

தமிழில் பேசுபவருக்கு இதே சிக்கல் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கிறது என்பதை வகுப்பு தொட்டுக்காட்டியது. இன்னும் விரிவாகவே பேசியிருக்கலாம். நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. “சென்ற ஆண்டு நான் பணியாற்றிய இடத்தில் என்னுடன் இருந்த, எப்போதும் தாமதமாகவே வரும் வழக்கமுள்ள நண்பர் ஒருவர், அன்று மழை பெய்துகொண்டிருந்ததால்” என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், அந்த நண்பர் என்ன செய்தார் என்பது கேட்பவருக்கு மட்டுமல்லாமல் சொல்பவருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. ‘வந்து’, ‘அதாவது’, ‘பார்த்தீங்கன்னா’ போன்றவை சரியாக அந்த இடத்தில்தான் நுழைகின்றன. என் முதல் பேச்சின் பதிவில் ‘வந்து’ என்பதை எண்ணிப் பார்த்தேன். 19 முறை. பயிற்றுநர் அவற்றைத் திட்டித் தீர்க்கவில்லை. ஏழெட்டுச் சொற்களில் வாக்கியத்தை முடித்துவிட்டு, அடுத்தது தோன்றும் வரை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார். பேசுபவருக்கு நீண்டதாகத் தோன்றும் அந்த மௌனம், பதிவைக் கேட்டால் ஒரு வினாடிகூட இருப்பதில்லை. கடைசிப் பேச்சில் என் கணக்கு ஏழுக்குக் குறைந்திருந்தது.

இந்த இடத்தில் பயிற்றுநரோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. எல்லோரும் எழுத்துத் தமிழிலேயே பேச வேண்டும் என்று அவர் கடைசிவரை வற்புறுத்தினார். மேடைக்கு அது அழகுதான். ஆனால் பேச்சுத் தமிழில் தோன்றும் எண்ணத்தை அந்தக் கணத்திலேயே எழுத்து நடைக்கு மாற்றிச் சொல்வது, கருத்தையே தேடிக்கொண்டிருப்பவருக்கு இரட்டைச் சுமை. செந்தமிழில் தொடங்கி, மூன்றாவது வாக்கியத்தில் வழுக்கி, அந்த வழுக்கலை நினைத்தே மீதிப் பேச்சையும் கோட்டைவிட்டவர்களை வாரந்தோறும் பார்த்தேன். முதல் நான்கு வாரங்களுக்காவது திருத்தமான பேச்சுத் தமிழை அனுமதித்திருக்க வேண்டும்.

பேச்சை அமைத்துக்கொள்ள வகுப்பில் தந்த வாய்பாடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கருத்து, காரணம், எடுத்துக்காட்டு, மீண்டும் கருத்து என்பது ஒன்று; நேற்று, இன்று, நாளை என்பது மற்றொன்று; சிக்கல், காரணம், தீர்வு என்பது இன்னொன்று. உங்கள் கருத்து என்ன என்று யாராவது கேட்கும்போது முதல் வாய்பாடு உண்மையிலேயே கைகொடுக்கிறது. ஐந்தாம் வாரத்தில் பன்னிரண்டு பேரும் தண்ணீர், நட்பு, கைப்பேசி என எந்தத் தலைப்பு வந்தாலும் நேற்று, இன்று, நாளை என்றே பேசியபோது, கேட்டுக்கொண்டிருப்பதே ஒரு தண்டனையாக இருந்தது.

ஆறாம் வாரமே இந்த வகுப்பின் உச்சம். அதுவரை வந்த பொதுத் தலைப்புகளை ஒதுக்கிவிட்டு, வாழ்க்கையில் நாம் உண்மையாகவே எழுப்பிவிடப்படும் தருணங்களைப் பயிற்றுநர் கொடுத்தார்: கூட்டத்தின் நடுவில் பணி நிலவரம் கேட்கப்படுவது, விடைபெறும் சக ஊழியரைப் பற்றிப் பேசுவது, இறந்தவரின் குடும்பத்தினர் முன் இரங்கல் சொல்வது, பதில் தெரியாத கேள்விக்கு முகங்கொடுப்பது. கடைசியில் சொன்னதற்கு அவர் காட்டிய வழி எனக்குப் பிடித்திருந்தது. தெரியாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதையொட்டித் தெரிந்தது எதுவோ அதை மட்டும் சொல்ல வேண்டும். மீதியை எப்போது சொல்ல முடியும் என்று ஒரு நாளைக் குறிப்பிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். இரங்கலுக்கு அவர் சொன்னது அதைவிடச் சுருக்கமானது: குணங்களை அடுக்காமல், அந்த மனிதர் இருந்த ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் போதும். இந்தப் பகுதிக்கு மூன்று வாரங்களாவது ஒதுக்காமல், ஏழாம் வாரம் முழுவதையும் கை அசைவுக்கும் நிற்கும் முறைக்கும் செலவிட்டது ஏன் என்று தெரியவில்லை. கணினித் திரையில் எங்கள் தோளுக்கு மேல்தான் தெரிந்தது.

இரண்டாம் வாரத்தில் ஒரு தகவல் பிழையும் நேர்ந்தது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரை முழுவதும் அந்த நேரத்தில் தோன்றியது என்று பயிற்றுநர் சொன்னார். கிங் எழுதி எடுத்துச் சென்ற உரை ஒன்று இருந்தது. பிற்பகுதியில் அதை விட்டு விலகி, தம் கனவைப் பற்றிப் பேசினார். அந்தக் கனவுப் பகுதியும் அன்று புதிதாகப் பிறந்ததில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் டெட்ராய்ட்டில் ஆற்றிய உரையிலும் அது இருந்தது. பலமுறை பேசிப் பழகி நாவில் இருந்ததால்தான் தாளைவிட்டு விலகும் துணிவு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஆசுகவிகளின் கதையும் இதுதான். கொடுத்த ஈற்றடிக்கு அந்தக் கணத்திலேயே வெண்பா பாட வேண்டுமென்றால், தளையும் சீரும் எதுகையும் யோசிக்காமலே வந்து விழும் அளவுக்கு முன்பே ஊறியிருக்க வேண்டும்.

இப்படிச் சேமித்து வைப்பதற்கு இந்த வகுப்பிலும் ஒரு பயிற்சி இருக்கிறது. அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாள்தோறும் அன்று கண்ட, கேட்ட ஒரு நிகழ்ச்சியை இரண்டே வரியில் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். எட்டு வாரத்தில் ஐம்பதுக்கும் மேல் சேர்ந்துவிடுகின்றன. ‘பொறுமை’, ‘பயணம்’, ‘தவறு’ என எந்தத் தலைப்பு வந்தாலும் அந்த ஐம்பதில் ஒன்று பொருந்திவிடுவதைக் கண்டு எனக்கே வியப்பாக இருந்தது. வகுப்பில் கற்றவற்றில் இன்றுவரை நான் விடாமல் செய்வது இது ஒன்றுதான்.

குறைகள் என்று பார்த்தால், நம் பேச்சின் பதிவு கைக்கு வர நான்கைந்து நாட்கள் ஆகின. அதற்குள் எங்கே திணறினோம் என்பதே மறந்துவிடுகிறது. சக மாணவர்களின் கருத்துரைகள் மரியாதையின் மிகுதியால் பயனற்றுப் போயின. எழுந்து நின்றாலே நடுங்குபவருக்கு இந்த வகுப்பு போதாது என்பதே என் எண்ணம்; திரைக்கு முன் அமர்ந்து பேசுவது வேறு, ஆட்கள் நிறைந்த அறையில் நிற்பது வேறு. ஓரளவு பேச வரும், ஆனால் முடிக்கத் தெரியவில்லை என்பவர் தயங்காமல் சேரலாம்.

சென்ற வாரம் பணி ஓய்வு பெறும் ஒருவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுமாறு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் என்னை அழைத்தார்கள். எழுந்து நடப்பதற்குள் கடைசி வாக்கியத்தை முடிவு செய்துகொண்டேன், அவர் எனக்கு ஒருநாள் தம் மேசையையே விட்டுக்கொடுத்த நிகழ்ச்சியைச் சொன்னேன், நினைத்த வாக்கியத்திலேயே முடித்தேன், கைதட்டலும் கிடைத்தது. பேச்சில் அவருடைய பெயரை ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.