ஜெர்மன் கற்க ஆப்பா, மாலை வகுப்பா?

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்த புதிதில் ஒரு டாக்டரிடம் நேரம் கேட்டுப் போன் செய்தேன். 'ஹால்ப் நொய்ன்' என்றார்கள். ஹால்ப் என்றால் அரை, நொய்ன் என்றால் ஒன்பது. ஒன்பதரைக்குப் போய் நின்றேன். அவர்கள் சொன்னது எட்டரை. ஒன்பதுக்குப் பாதி தூரம் வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. அந்தச் சமயத்தில் ஐந்து மாதமாக ஒருநாள்கூட விடாமல் ஆப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலெயில் மாலை வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். ஊர் நிர்வாகத்தின் ஆதரவில் நடக்கும் பெரியவர்களுக்கான கல்வி நிலையம் அது. தனியார் பள்ளிகளைவிடக் கட்டணம் குறைவு. ஏ1-இல் தொடங்கும் ஆறு நிலைகளில் மூன்றாவதான பி1 வரை அங்கேயே படித்தேன். வேலைக்காக வரப்போகிறவர்கள் 'ஆப் போதுமா?' என்று கேட்கும்போதெல்லாம் நான் வகுப்பின் பக்கம்தான் நிற்கிறேன்.

ஆப்பின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. இலவசம், ரயிலில் நின்றுகொண்டே படிக்கலாம், பெயர்ச்சொல்லின் முன் வந்து அதன் பாலைக் காட்டும் 'டேர், டீ, டாஸ்' மூன்றும் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டுப் பதிந்துவிடும். ஆப்பைவிட ஆழமாக வேண்டுமென்றால் ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன் நேரம் இருப்பவர்களுக்குச் சென்னையில் ஜெர்மன் மொழி கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவன் உண்டு. என் மனைவி அங்கே ஏ1 முடித்துவிட்டு வந்தார். இலக்கணத்தில் அவருக்கு இருந்த பிடிப்பு எனக்கு இருக்கவில்லை. ஆனால் வகுப்பு முடிந்து வாசலைத் தாண்டினால் தமிழ்தானே.

நான் வகுப்பைச் சொல்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: அங்கே ஆங்கிலம் கைகொடுக்காது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஜெர்மனியில் ஜெர்மன் வராமல் போவதற்குப் பெரிய காரணமே ஆங்கிலம்தான். கடையில் இரண்டு சொல் தடுமாறினால் போதும், எதிரில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அலுவலகத்தில் மீட்டிங் எல்லாம் ஆங்கிலம். இப்படியே பல வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். வீட்டு உரிமையாளர் கடிதம் போட்டால் இன்றும் யாரையாவது தேடித்தான் போகிறார்கள்.

எங்கள் வகுப்பில் பதினான்கு பேர். துருக்கி, உக்ரைன், சிரியா, பிரேசில் என்று ஆளுக்கொரு ஊர். பாதிப் பேருக்கு ஆங்கிலமே தெரியாது. பக்கத்தில் இருப்பவரிடம் பேனா கேட்பதற்கும் ஜெர்மன்தான் வேண்டும். இடைவேளையில் காபி மெஷின் அருகே உக்ரைன்காரப் பெண் ஒருவர், கின்டர்கார்டனில் குழந்தைக்கு இடம் வாங்க எங்கே எழுதிப் போட வேண்டும் என்று எனக்கு விளக்கினார். அவருடையதும் என்னுடையதும் ஓட்டை ஜெர்மன். ஆனாலும் பத்து நிமிடம் பேசி முடித்தோம், எனக்கு வேண்டிய தகவல் கிடைத்தது. என் முதல் உண்மையான ஜெர்மன் உரையாடல் அதுதான்.

எங்கள் ஆசிரியை இரண்டிரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்காரவைத்துப் போன் நம்பர் சொல்லச் சொல்வார். நாற்பத்தேழை 'ஏழும் நாற்பதும்' என்று சொல்லும் மொழி இது. காதில் விழும் வரிசையிலேயே எழுதினால் 74 ஆகிவிடும். முகம் பார்க்காமல் கேட்டு எழுதிப் பழகிய பிறகுதான் எனக்குப் போன் பயம் போனது. ஊர்ப் பேச்சும் அங்கேதான் கிடைத்தது. சின்ன ரொட்டிக்கு ஆப் கற்றுத்தந்த சொல் ப்ரோட்சென், இங்கே பேக்கரியில் அது வெக்லே. 'ட்ரைஃபீர்டல் அஹ்ட்', அதாவது 'முக்கால் எட்டு' என்றால் ஏழே முக்கால்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆப்பில் நான் ஆங்கில வழியாகப் படித்ததால் 'வைல்' (ஏனென்றால்) என்று தொடங்கும் வாக்கியங்களில் வினைச்சொல்லை ஆங்கிலம் போலவே நடுவில் வைத்துக்கொண்டிருந்தேன். அது கடைசியில் வர வேண்டும். 'எனக்கு இன்று நேரம் இல்லாததால்' என்று தமிழில் நினைத்துப் பார்த்தேன். வினை தானாகக் கடைசிக்குப் போய் உட்கார்ந்தது. ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழிலிருந்து நேராக ஜெர்மனுக்குப் போவது பல இடங்களில் எனக்கு எளிதாக இருந்தது.

வகுப்பின் பெரிய குறை வேகம். வாரம் இரண்டு மாலை என்றால் ஒரு நிலையை முடிக்கவே பல மாதம் ஆகும். காலையில் தினமும் நடக்கும் தீவிர வகுப்புகள் வேகமானவை, ஆனால் வேலைக்குப் போகிறவரால் முடியாது, நானும் போனதில்லை. ஆன்லைனில் தனி ஆசிரியரிடம் நான்கு பாடம் மட்டும் எடுத்தேன், உச்சரிப்பு திருந்தியது. நான்கு பாடத்தை வைத்து அதை எடைபோட எனக்கு மனமில்லை. ஷிஃப்ட் மாறி மாறி வருகிறவர்களுக்கு ஒருவேளை அதுதான் சரிப்படும்.

ஆப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. ரயிலில் சொற்களைப் புரட்ட அது போதும். வகுப்பில் சேர்வதென்றால் செப்டம்பர் வாக்கில் தொடங்கும் பருவத்துக்குக் கோடையிலேயே, எந்த நிலையில் சேரலாம் என்று பார்க்கும் நிலைத்தேர்வு எழுதிப் பதிந்துவிடுங்கள். மாலை வகுப்புகளில்தான் இடம் முதலில் தீரும்.