முன்கள வீரருக்கு எது ஏற்றது: சூப்பர் லீக்கா, என்ஆர்எல்லா?

உள்நாட்டு சூப்பர் லீக் தொடரிலேயே ஆடுவதா, ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் தொடருக்குப் போவதா? ரக்பி லீக் ஆடும் இங்கிலாந்து முன்கள வீரர்களை ஆட்டிப்படைக்கும் கேள்வி இது.

பணம்: சூப்பர் லீக் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஆண்டுக்குத் தரக்கூடிய அடிப்படை ஊதிய வரம்பு சுமார் 21 லட்சம் பவுண்டு. என்ஆர்எல்லிலோ ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல்.

உடல்: இரண்டிலும் ஆட்டம் 80 நிமிடம்தான், என்ஆர்எல்லில் வேகமும் மோதலும் கடுமை. 2014 என்ஆர்எல் இறுதிப்போட்டியின் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு முறிந்த இங்கிலாந்து முன்கள வீரர் சாம் பர்கெஸ், கடைசிவரை ஆடி ஆட்டநாயகன் விருதும் வாங்கினார். துணிச்சலா, பிடிவாதமா?

பயணம்: சூப்பர் லீக்கின் விகனும் செயின்ட் ஹெலன்ஸும் அடுத்தடுத்த ஊர்கள். என்ஆர்எல்லிலோ டவுன்ஸ்வில், நியூசிலாந்தின் ஆக்லாந்து என்று விமானம்தான்.

இருபதுகளில் உடல் தாங்கும்போது என்ஆர்எல். முப்பதை நெருங்கினால், என்ஆர்எல் அணியான சிட்னி ரூஸ்டர்ஸை விட்டு இங்கிலாந்தின் வாரிங்டனுக்கு வந்த அட்ரியன் மோர்லியைப்போல் ஊர் திரும்பலாம்.