ஃபயர் எம்ப்ளம்: எந்தப் பாகத்தில் யாரைப் பறிகொடுத்தேன்

ஃபயர் எம்ப்ளம் என்ற வீடியோ கேம் தொடரில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் நேரடியாகப் பதில் சொல்வதில்லை, திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் ஆள் ஒருத்தர் செத்துப்போனால் என்ன செய்வீர்கள்? கேட்டவர் முழிப்பார். ஆனால் என் கணக்கில் எதை வாங்குவது, எதை விடுவது எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கட்டம் போட்ட மேப், உங்கள் முறை முடிந்தால் எதிரி முறை, சதுரங்கம் மாதிரி. கத்தி கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை, ஈட்டி கத்தியை; 1996இல் வந்த பாகத்தில் சேர்த்த இந்த முக்கோணம் பெரும்பாலான பாகங்களில் தொடர்கிறது. சதுரங்கத்தோடு ஒரு வித்தியாசம், காய்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, பக்கத்தில் நிற்கும் இன்னொரு காயோடு பேச்சு இருக்கிறது. வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டதுதான், அடுத்த ஆட்டத்தில் திரும்பி வராது. 1990இல் நின்டென்டோவின் ஃபேமிகாம் கருவியில் முதல் பாகத்தைச் செய்த ஷோஸோ காகாவும் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவன ஆட்களும் வைத்த விதி இது. அதற்குப் பிறகு வந்த பாகங்களைப் பார்த்தால், இந்த விதியை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவது என்று முப்பது வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

நான் ஆரம்பித்தது கேம் பாய் அட்வான்ஸில், பிளேஸிங் பிளேட். 2003இல் வந்தது, ஜப்பானுக்கு வெளியே வந்த முதல் ஃபயர் எம்ப்ளம். பழைய பாகத்து நாயகன் மார்த்தும் இன்னொரு நாயகன் ராயும் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்ற நின்டென்டோ சண்டை கேமில் தலைகாட்டி, யார் இந்த நீலமுடிக்காரன், யார் இந்தச் சிவப்புமுடிக்காரன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்க ஆரம்பித்த பிறகு வந்த பாகம். லின் என்ற பெண்ணோடு முதல் பத்துப் பதினோரு அத்தியாயம் கையைப் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுக்கும், அப்புறம் எலிவுட் என்பவனின் கதையில் கையை விட்டுவிடும்.

அங்கே நான் பறிகொடுத்தது ஃப்ளோரினாவை. பறக்கும் குதிரையில் வருகிற, ஆண்களைக் கண்டாலே நடுங்குகிற பெண். மலை, ஆறு எல்லாம் தாண்டிப் பறப்பாள், அதனால் அவளை முன்னால் அனுப்பி வேவு பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பறக்கிறவர்களுக்கு அம்பு எமன் என்று கேம் முதலிலேயே சொல்லித்தான் இருந்தது. மூலையில் ஒரு வில்லாளி நிற்பதை நான் பார்க்கவில்லை, ஒரே அம்பு, இரண்டு வரி வசனம், திரையிலிருந்து மங்கிப் போய்விட்டாள். பதறிப்போய் பவரை அணைத்துப் போட்டேன். அங்கேதான் இந்தப் பாகத்தின் குசும்பு: ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கேம் தானாகவே சேவ் செய்துகொள்கிறது, திரும்பப் போட்டால் அவள் போன பிறகான அதே நொடியில் வந்து நிற்கும். ஒன்று அவள் இல்லாமல் போக வேண்டும், இல்லாவிட்டால் அத்தியாயத்தை முதலிலிருந்து ஆட வேண்டும். நாற்பது நிமிஷம் ஆடியிருந்தேன். முதலிலிருந்துதான் ஆடினேன், எல்லோரும் செய்வது அதுதான். சாவுக்குப் பயந்து ஆட வேண்டிய கேம், ரீசெட் பட்டனுக்கு ஆள் சேர்க்கும் கேமாக மாறியது இப்படித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பாகங்கள் நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லும். 2002இல் வந்த பைண்டிங் பிளேடிலிருந்து, அடி விழுமா விழாதா என்று பார்க்க ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை உருட்டிச் சராசரி எடுக்கிறார்கள், அதனால் திரையில் 90 சதவீதம் என்று காட்டினால் உண்மையில் கிட்டத்தட்ட 98, எதிரிக்கு 30 என்று காட்டினால் உண்மையில் 18 தான். நம் ஆட்கள் ஏன் இவ்வளவு லாவகமாகத் தப்பிக்கிறார்கள் என்று ரொம்ப நாள் என் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த சேக்ரட் ஸ்டோன்ஸ் இன்னும் சுலபம், சேத் என்ற ஒரே குதிரை வீரனை விட்டுப் பாதி கேமை முடித்துவிடலாம். கதையில் லயான் என்ற வில்லனுக்காக ஆடலாம், இந்தத் தொடரில் வில்லனைப் பார்த்துப் பாவமாக இருப்பது அபூர்வம். அங்கே நான் இழந்தது ராஸ் என்ற சின்னப் பையனை, இரண்டாம் அத்தியாயத்திலேயே, லெவல் ஒன்றில், கையில் கோடரியோடு. அவன் பேசினால்தான் அவன் அப்பா நம் பக்கம் வருவார், அவன் போனதால் அவரும் வரவில்லை. அதை மட்டும் ஏனோ ரீசெட் செய்யவில்லை. கடைசி வரை எனக்குக் கோடரி ஆள் பற்றாக்குறை.

கேம்கியூபில் வந்த பாத் ஆஃப் ரேடியன்ஸ் (2005) பற்றி நிறைய எழுதலாம், ஐக் அரச வம்சம் இல்லாத கூலிப்படைக்காரன், மிருகமாக மாறும் லாகுஸ் மக்களை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதைக் கூச்சமில்லாமல் பேசும் கதை. ஆனால் பழைய வட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். கையில் இருக்கிறவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறென்ன சொல்ல.

3டிஎஸ் கருவிக்கு வந்த அவேக்கனிங் (ஜப்பானில் 2012, வெளியே 2013) சரியாக விற்கவில்லை என்றால் தொடரையே மூடிவிடுவார்கள் என்ற நிலை இருந்ததைச் செய்தவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயம் கேம் முழுக்கத் தெரியும். கல்யாணம், எதிர்காலத்திலிருந்து வரும் பிள்ளைகள், இரண்டு பேரை ஒரே கட்டத்தில் சேர்த்து நிறுத்துவது என்று கையில் இருந்த எல்லாவற்றையும் இலையில் போட்டுவிட்டார்கள். சாவும் இனி விருப்பம்தான். கேஷுவல் என்று தேர்ந்தெடுத்தால் விழுந்தவர் அடுத்த அத்தியாயத்தில் சிரித்துக்கொண்டே வருவார். இந்த வசதி அதற்கு முன்பே 2010இல் ஜப்பானில் மட்டும் வந்த டிஎஸ் பாகத்தில் இருந்தது, உலகம் பார்த்தது இதில்தான். கேஷுவலில் ஆடுகிறவர்களைக் கேலி செய்யும் பழைய ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். நாற்பது நிமிஷத்தைத் திரும்ப ஆடி எல்லோரையும் உயிரோடு வைத்திருப்பதற்கும் கேஷுவலுக்கும் நாற்பது நிமிஷம்தான் வித்தியாசம்.

நான் செத்தவர் திரும்பாத கிளாசிக்கில்தான் ஆடினேன், வீம்புக்கு. ஆனாலும் அவேக்கனிங் எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது. மேப் முக்கால்வாசி வெட்டவெளி, கடினமான நிலைக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் முளைக்கும் படை முளைத்த அதே முறையிலேயே வந்து அடிக்கும். எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. விரியன் என்ற அலட்டல் பேர்வழி வில்லாளியை அப்படித்தான் இழந்தேன். அது என் தப்பு இல்லை என்பதால் துக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பாகம், நியாயமாகப் பார்த்தால் பிடிக்கக் கூடாத பாகம்: ஃபேட்ஸ் கான்க்வெஸ்ட். ஒரே கேமை மூன்றாக வெட்டி விற்றார்கள், பர்த்ரைட், கான்க்வெஸ்ட், ரெவலேஷன் என்று. கதை படுமோசம். அப்பா கெட்டவர் என்று கதாநாயகனுக்குத் தெரியும், நமக்குத் தெரியும், அரண்மனைத் தோட்டக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கும், ஆனாலும் அவர் சொன்னதைச் செய்துகொண்டே இருப்பார்கள். விழுந்தவர் அடுத்த முறையிலேயே எழுந்து நிற்கும் ஃபீனிக்ஸ் என்ற நிலைகூட வைத்திருந்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில், தொடரிலேயே சிறந்த மேப்கள் இதில்தான் இருக்கின்றன.

பத்தாம் அத்தியாயத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு துறைமுகம். பதினொரு முறை வரை தாக்குப்பிடிக்க வேண்டும், எதிரி ஒருவன்கூடப் பின்னால் இருக்கும் எல்லைக்கோட்டைக் கடக்கக் கூடாது. சுற்றித் தண்ணீர், அதனால் வருகிற வழிகள் கொஞ்சம்தான், அந்தச் சந்துகளில் ஆளை நிறுத்தினால் போதும் என்று நினைப்போம். சில முறை சமாளித்துவிட்டு, பரவாயில்லையே என்று நிமிரும்போது எதிர்ப்பக்க இளவரசன் தகூமி தண்ணீரை மொத்தமாக வற்றவைத்துவிடுவான். ஒரே நொடியில் சந்துகள் காணாமல் போய், நான்கு பக்கமும் தரை. அதுவரை போட்ட திட்டம் குப்பை. நான் வாய்விட்டுக் கத்தியது நினைவிருக்கிறது.

அங்கே போனவன் ஆர்தர். கதைப்புத்தக வீரன் மாதிரி வசனம் பேசுகிறவன், ஆனால் பிறவியிலேயே துரதிர்ஷ்டசாலி. அவன் ராசி சரியில்லை என்பது வெறும் கிண்டலாக இல்லாமல், எதிரியின் உச்ச அடி அவன்மேல் விழ வாய்ப்பு அதிகம் என்று அவனுடைய திறனாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய பாகத்துச் சலுகையும் இங்கே இல்லை, ஐம்பதுக்குக் கீழே இருந்தால் காட்டுகிற சதவீதம்தான் உண்மைச் சதவீதம். எல்லாம் தெரிந்தும் தண்ணீர் வற்றிய பக்கத்தில் நிறுத்த எனக்கு வேறு ஆள் இல்லை. விழுந்தான், கோடு நின்றது. ரீசெட் செய்யக் கை போகவில்லை, ஏனென்றால் இன்னொரு முறை அந்த மேப்பை ஜெயிப்பேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

இதில் ஒரு கூத்து. நான் வாங்கியது பழைய கார்ட்ரிட்ஜ், விற்றவர் தன் பழைய சேவ் ஃபைலை அழிக்காமலே கொடுத்துவிட்டார். திறந்து பார்த்தால் அவரும் பத்தாம் அத்தியாயத்திலேயே நின்றிருக்கிறார். 3டிஎஸ்ஸின் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டதால் இப்போது இதை வாங்கப் பழைய கார்ட்ரிட்ஜ்தான் வழி. ரெவலேஷன் தனிப் பெட்டியாக வரவே இல்லை, மூன்றும் சேர்ந்த சிறப்புப் பதிப்பு யாரிடமாவது கிடைத்தால்தான் உண்டு. அதற்காக அலைய வேண்டாம், அவ்வளவு மதிப்பில்லை.

2017இல் வந்த எக்கோஸ் இரண்டாம் பாகத்தின் மறு ஆக்கம். குரல் நடிப்பு பிரமாதம், மேப்கள் சதுப்பும் மணலும். ஆனால் காலத்தைத் திருப்பும் சக்கரம் இதில்தான் முதலில் வந்தது. தப்பு செய்தால் நாலு நகர்த்தல் பின்னால் போய்க்கொள்ளலாம், ரீசெட் வேண்டாம். இத்தனை வருஷம் நாம் பவர் பட்டனில் செய்துகொண்டிருந்ததைக் கேமே செய்து கொடுத்துவிட்டது.

அதே வசதியோடு 2019இல் ஸ்விட்சுக்கு வந்தது த்ரீ ஹவுஸஸ். தொடரிலேயே அதிகம் விற்றது இதுதான். நீங்கள் ஒரு மடத்துப் பள்ளியில் ஆசிரியர், மூன்று வகுப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அந்தப் பிள்ளைகளை வளர்க்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து மற்ற வகுப்புப் பிள்ளைகள் எதிரில் வந்து நிற்பார்கள். கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

பெர்னாடெட்டா என்று ஒரு பெண், அறையை விட்டு வெளியே வரவே பயப்படுகிறவள். நான் டிமித்ரி என்ற இளவரசனின் வகுப்பில் இருந்தேன், அவள் என் மாணவி இல்லை, ஆனால் அவள் கதவுக்கு வெளியே நின்று பேசியிருக்கிறேன், தொலைத்த பொருளைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். முதல் பாதியில் கிரோண்டர் களத்தில் மூன்று வகுப்புக்கும் விளையாட்டுப் போர் நடக்கும். இரண்டாம் பாதியில் அதே களம், இந்தத் தடவை நிஜப் போர், நடுமேட்டில் பெரிய வில்பொறியோடு அவள் தனியாக. அந்த மேட்டுக்கே தீ வைக்கிறார்கள், வைப்பது அவளுடைய சொந்தப் பக்கம். திருப்ப என் கையில் காலம் இருந்தது, திருப்பி என்ன பயன், அவளை என் வகுப்பில் சேர்க்காதது இருபது மணி நேரத்துக்கு முந்தைய தப்பு. திருப்பும் சக்கரம் எட்டாத இடத்தில் சாவை வைத்ததுதான் இந்தப் பாகத்தின் கெட்டிக்காரத்தனம்.

குறையும் சொல்ல வேண்டும். மடத்தைச் சுற்றுவது முதல் தடவை சுகம், மீன் பிடிக்கலாம், டீ கொடுக்கலாம், விதை போடலாம். இரண்டாவது வகுப்பை எடுத்தால் முதல் பாதி கிட்டத்தட்ட அப்படியே திரும்ப வரும், அதே ஓட்டம், அதே மீன். மூன்றாவது வழியில் பாதியில் நான் நிறுத்திவிட்டேன். மேப்களும் அதேதான் சுற்றிச் சுற்றி. புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன், ஆனால் ஒரு வழி ஆடிவிட்டு மூடி வைத்துவிடுங்கள், அடுத்த வருஷம் இன்னொன்று.

2023 ஜனவரியில் வந்த எங்கேஜ் இதற்கு நேர் எதிர். கதாநாயகன் தலைமுடி பாதி சிவப்பு பாதி நீலம், பற்பசையைப் பிதுக்கியது போல. கதையும் அந்த அளவுக்குத்தான். பழைய பாகத்து வீரர்கள் மோதிரத்துக்குள் இருந்து வந்து உதவுவார்கள், மார்த், லின், ஐக் எல்லோரும். ஆனால் சண்டை இருக்கிறதே, அப்பா. முக்கோணப்படி சரியான ஆயுதத்தால் அடித்தால் எதிரியின் கையிலிருந்து ஆயுதம் நழுவிவிடும், திருப்பி அடிக்க முடியாது. அதனால் யார் முதலில் அடிப்பது என்ற வரிசை ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு. கான்க்வெஸ்டுக்குப் பிறகு கட்டத்தைப் பார்த்துக்கொண்டு காபி ஆறிப்போகும்வரை நான் உட்கார்ந்திருந்தது இதில்தான். கதையைத் தாண்டித் தாண்டி அமுக்கிக்கொண்டு போகத் தெரிந்தவர் என்றால் த்ரீ ஹவுஸஸை விட்டுவிட்டு நேராக இதை வாங்கலாம்.

இதிலும் காலத்தைத் திருப்பும் கல் உண்டு, பத்தாம் அத்தியாயம் வரை அதை வைத்து ஊதாரியாக ஆடிப் பழகிவிடுவோம். பதினொன்றில் அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கையில் இருந்த மோதிரங்களும் போய், அதே வீரர்களை எதிரி அணிந்துகொண்டு துரத்துவான், நாம் தப்பி ஓட வேண்டும். க்ளோயி என்ற பெண்ணை எப்போதும்போல முன்னால் பறக்கவிட்டேன், பறக்கும் குதிரை, வேவு பார்க்க வசதி. மூலையில் ஒரு வில்லாளி. கட்டைவிரல் தன்னாலே திருப்பும் பட்டனுக்குப் போய்விட்டது, அங்கே ஒன்றும் நடக்கவில்லை. இருபது வருஷத்தில் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று ஃப்ளோரினா எங்கிருந்தோ பார்த்துச் சிரித்திருப்பாள்.

இந்தத் தடவை அத்தியாயத்தை முதலிலிருந்து ஆடவில்லை. க்ளோயிக்கு நாட்டுப்புறத்து விசித்திரச் சாப்பாடு என்றால் உயிர், சமையற்கட்டில் அந்த மாதிரி ஏதாவது வரும்போதெல்லாம் இதை யாருக்குப் போடுவது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு லூயி என்ற வீரனுக்குப் போட்டேன்.