பாவாடை நாடா போட்ட அட்டைக் காலுறை

நான் வால்பாறைக்காரி. காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சியை விரட்ட, புகையிலையும் உப்பும் சேர்த்து முடிந்த துணிப்பொட்டலத்தைக் குச்சி நுனியில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். அதனால் கோடை விடுமுறையில் ஆறு வாரம் மலேசியாவில் காட்டுச் சூழலியல் படிக்கப் புறப்பட்டபோது, கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் 'அட்டைக் காலுறை, 2 ஜோடி' என்று பார்த்ததும் சிரித்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். பட்டியல் போட்டவர்கள் என்னைவிட விவரமானவர்கள்.

கோலாலம்பூரில் தங்கியது பிரிக்பீல்ட்ஸில், சித்தி வீட்டில். வகுப்புகள் கெப்போங்கில், காட்டு வேலை பெரும்பாலும் உலு கோம்பாக் மலைச்சரிவில். உடன் படிக்கிறவள் சொல்லி, முதல் ஞாயிறே ஒரு பெரிய மாலில் மலையேற்றச் சாமான் விற்கும் கடையில் ஒரு ஜோடி வாங்கினேன். 69 வெள்ளி. ரிங்கிட்டை இங்கே நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலுறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வழுவழுவென்ற செயற்கை இழை, இழுத்தால் நீளும் பின்னல் துணி. நீளும் துணியில் கண்ணும் விரியும். பசித்த அட்டை நூல் மாதிரி மெலிந்து அதற்குள் தலையை நுழைத்துவிடும். மேலே இழுத்துப் பூட்டும் பிளாஸ்டிக் பூட்டு பத்து அடிக்கு ஒரு தரம் நழுவியது. கட்டைவிரல் பக்கம் உள்தையல் அழுத்தி மதியத்துக்குள் கொப்புளம். மாலையில் எண்ணிப் பார்த்தேன், 11 கடி. அதைவிட எரிச்சல் வேறொன்று. உலு கோம்பாக் காடு 1960களிலேயே மர உச்சியில் மேடை கட்டி, எந்த மரம் எப்போது பூக்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக் குறித்த இடம். அங்கே போய் நான் நாள் முழுக்க என் இரண்டு கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து காலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா விலையைக் கேட்டார். அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "அட்டைக்கு எழுபது வெள்ளியா? எங்கம்மா கால்ல சவுக்காரத்தைத் தேய்ச்சுக்கிட்டு மரம் வெட்டப் போனாங்க!" மரம் வெட்டுவது என்றால் இங்கே சாய்ப்பதில்லை, பால் எடுப்பது. அப்புறம் அவரே, சித்தி ரவிக்கை தைக்கக் கொடுக்கும் அக்காவிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

கடை ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய சந்தில், ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில். பெயர்ப்பலகை கிடையாது. மல்லிகை வாசனையோடு படியேற வேண்டும். என் 69 வெள்ளிக் காலுறையைக் கையில் வாங்கியதும் அக்கா இரண்டு பக்கமும் இழுத்தார், விளக்குக்கு நேரே பிடித்தார். "இது சல்லடம்மா. கோதுமை மாவு சலிக்கலாம்." காடாத் துணியை எடுத்துப் போட்டார். நெருங்கி நெய்த பருத்தி, எந்தப் பக்கம் இழுத்தாலும் அசையாது. நீளாத துணியில் குதிகால் நுழைய வேண்டுமே என்று கணுக்காலில் தாராளமாக விட்டு, முழங்காலுக்குக் கீழே பட்டி மடித்து, உள்ளே நாடா கோத்தார். சாட்சாத் பாவாடை நாடா. தையலையெல்லாம் வெளிப்பக்கம் தள்ளி இரட்டையாக அடித்தார். துணியோடு சேர்த்து ஜோடி 22 வெள்ளி. நிறம் என்ன வைக்க என்று கேட்டதற்கு நான் பச்சை என்றேன். "வெள்ளையே இருக்கட்டும்மா. ஏறுறது கண்ணுக்குத் தெரியணுமில்ல?" அவர் காட்டுக்குள் கால் வைத்தவர் இல்லை. ஆனாலும் அதுதான் சரி.

இதைச் சாதாரணக் காலுறைக்கு மேல் போட்டு, அதற்கு மேல் கம்போங் அடிடாஸ் மாட்டினேன். தெரியாதவர்களுக்கு: தோட்டத் தொழிலாளர்கள் போடும் கறுப்பு ரப்பர் செருப்பு-சப்பாத்து, அடியில் குமிழ்குமிழாக இருக்கும், நனைந்த வேரிலும் வழுக்காது, விலையும் மலிவு. இந்தக் காலுறைக்கு அதில் ஓர் அளவு பெரிதாக வாங்குவது நல்லது.

அக்கா தைத்ததைப் போட்ட பிறகு, மிச்ச வாரங்களின் கணக்கு இதுதான்: முழங்காலுக்குக் கீழே ஒரு கடிகூட இல்லை. மேலே நான்கு. அதற்குக் காலுறையைக் குறை சொல்ல முடியாது. இங்கே புலி அட்டை என்று ஒன்று உண்டு, உடம்பில் மஞ்சள் கோடு ஓடும். அது தரையில் காத்திருப்பதில்லை. இடுப்பு உயரத்து இலைநுனியில் நின்று ஆடும். பழுப்பு அட்டை கடிப்பது தெரியாது. இது சுருக்கென்று சொல்லிவிட்டுத்தான் கடிக்கும். ஒருவகையில் மரியாதை தெரிந்த அட்டை.

கால் பயம் போனதும் கண் மேலே போனது. நம்மூர் வட்டக்கண்ணிக்கு உறவான மஹாங் மரத்தின் தண்டுக்குள் எறும்புகள் குடியிருந்து, ஏறும் கொடியைக் கடித்துத் துண்டித்துக் காவல் காப்பதை ஒரு முழுக் காலை உட்கார்ந்தே பார்த்தேன். ஈரத் தரையில் ஒரே இடத்தில் உட்காருவதெல்லாம் முதல் வாரத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பாசோ காட்டுக்கு மூன்று நாள் போனோம். அங்கே 50 ஹெக்டேரில், விரல் பருமனுள்ள கன்று முதல் எல்லா மரத்துக்கும் எண் தகடு உண்டு: 3 லட்சத்துக்கு மேல் மரங்கள், 800க்கு மேல் இனங்கள். நம் முதுமலையிலும் அதே 50 ஹெக்டேர் அளவில் 1988 முதல் ஓர் ஆய்வு நிலம் இருக்கிறது. அங்கே இனங்கள் 70 சொச்சம்தான். இரண்டு எண்களையும் தாளில் படித்திருந்தேன். பாசோவில் மண்டியிட்டு, அடுத்தடுத்த பத்துக் கன்றுகளில் ஒன்றுபோல் ஒன்று இல்லாததைக் கண்டபோதுதான் 800 என்பதன் அர்த்தம் பிடிபட்டது. முட்டி மடங்கியபோதும் நாடா இறுக்கவில்லை, நழுவவும் இல்லை.

கெப்போங் வனம் வேறு கதை. ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களிலிருந்து நட்டு வளர்த்த காடு. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே கபூர் மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். அண்ணாந்தால் வானம் ஆற்று வரைபடம் போலத் தெரியும். இலையைக் கசக்கினால் கற்பூரமும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. இந்தக் கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்ராவின் பாரூஸில்தான் 1088இல் நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழில் கல்வெட்டு வைத்தது. அவர்கள் காலில் என்ன கட்டிக்கொண்டு போனார்களோ!

காலுறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். அக்கா துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டிவிட்டார். முதல் துவையலிலேயே இரண்டு விரற்கடை சுருங்கியது. பாதம் பெரியவர்களுக்கு அந்த ஜோடி வீண்தான். இரண்டாம் ஜோடிக்கு நானே துணியை ஊறவைத்துக் கொடுத்தேன், 20 வெள்ளி வாங்கிக்கொண்டார். ஓடையைத் தாண்டினால் காடா தண்ணீரைக் குடித்துக் கனக்கும். மலையில் காய இரண்டு நாள் ஆகும், அதற்குள் ஒரு புளித்த வாடை. ஆகவே ஒரு ஜோடி போதாது.

ஒரு பயன் மட்டும் நான் எதிர்பாராதது. வெள்ளைத் துணியில் ஏறும் அட்டையைச் சுண்டி எறியாமல் சிறு குப்பியில் பிடிக்கலாம். அதன் வயிற்றிலுள்ள ரத்தத்தின் மரபணுவை வைத்து அந்தக் காட்டில் எந்த விலங்கு நடமாடுகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். வியட்நாமில் அரிய வரிமுயல் ஒன்றின் தடயம் 2012இல் இப்படித்தான் கிடைத்தது. என்னைக் கடித்த அந்த நான்கைச் சோதித்தால் வால்பாறைக்காரி ஒருத்தி என்று வரும், அவ்வளவுதான்.

தைக்கப் போகிறவர்கள் போடப்போகும் சப்பாத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அக்கா அதை வைத்துத்தான் அளவெடுப்பார். நாடாவை ஒரு சாண் கூடுதலாக விடச் சொல்லுங்கள், ஈரக் கையில் குட்டை நாடாவை அவிழ்க்க முடியாது. நான்கு நாள் தவணை கேட்பார், ஆறாம் நாள் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் அந்தப் படியே ஏறாதீர்கள். ரவிக்கைக் குவியலுக்கு நடுவே உங்கள் காலுக்கு இடம் இருக்காது.