ஓ.பி. சீட்டுக்கு ‘ஸ்கேன் அண்ட் ஷேர்’: டெல்டாவில் எவ்வளவு தேறும்?

கவுண்டரில் நின்று பேர், வயசு, ஊர் சொல்லி ஓ.பி. சீட்டு வாங்கும் வேலையைப் போனிலேயே முடித்துவிடுகிறது ஆபா (ஆதாரை வைத்து எடுக்கும் மத்திய அரசின் சுகாதாரக் கணக்கு எண்) ‘ஸ்கேன் அண்ட் ஷேர்’. 2022 அக்டோபரில் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவமனையில் தொடங்கிய வசதி இது. க்யூஆர் ஒட்டியிருக்கும் ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருந்தாலும் வழி ஒன்றுதான். ஆபா ஆப்பில் ஸ்கேன் செய்து, திரையில் வரும் ஆஸ்பத்திரிப் பேரைச் சரிபார்த்து, விவரம் பகிரச் சம்மதம் கொடுத்தால் டோக்கன் எண் வரும். கவுண்டரில் எண்ணைச் சொன்னால் சீட்டு அச்சாகிவிடும். டோக்கன் கொஞ்ச நேரத்துக்குத்தான் செல்லும். அதுவும் பதிவுக்கு மட்டும். டாக்டர் அறை வாசலில் அதை நீட்டிப் பயனில்லை.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. சிக்கல் எல்லாம் ஆதாரிலிருந்து வரும் விவரத்தில்தான்.

முதலில் ஓ.டி.பி. ஆதாரில் இருப்பது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனின் பழைய நம்பர் என்றால், ஆபா எண் எடுக்கும்போதே நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்தது மாவட்டம். மயிலாடுதுறை 2020 டிசம்பரில்தான் தனி மாவட்டமானது. சீர்காழிக்காரரின் பழைய ஆதாரில் இன்னும் நாகப்பட்டினம் இருந்தால், சீட்டிலும் அப்படியே விழும். பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். வயது முன்னே பின்னே இருக்கும்.

இதையெல்லாம்விடத் தொல்லை இனிஷியல். ஆதாரில் ‘முருகன் எஸ்’, பழைய ஓ.பி. நோட்டில் ‘எஸ். முருகன்’, காப்பீட்டு அட்டையில் ‘முருகன் சுப்பையன்’. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. புதுசாக ஒரு நோயாளி எண் போட்டுவிட்டால், போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனை பழைய எண்ணிலேயே தங்கிவிடும். ‘பழைய நம்பர் இருக்கு, அதுலயே சேருங்க’ என்று சீட்டு அச்சாவதற்கு முன்பே நோட்டை நீட்டிவிட வேண்டும். பேரையும் பிறந்த தேதியையும் ஆதாரில் திருத்தினால்தான் நிரந்தரத் தீர்வு.

ஆஸ்பத்திரி நடத்துபவர்கள் க்யூஆரை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கக்கூடாது. காலை பஸ் கூட்டம் இறங்கும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பட்டன் போனோடு வருபவர்களுக்குச் சாதா கவுண்டர் திறந்தே இருக்க வேண்டும். ஆபா கட்டாயம் இல்லை. அது இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது.

பதிவைத் தாண்டினால் காகிதம் அப்படியேதான் இருக்கிறது. ஊரில் இன்னமும் ‘கலைஞர் காப்பீடு’ என்று சொல்லும் முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அந்த அட்டையின் வேலையை ஆபா செய்யாது. அட்டையும் ரேஷன் கார்டும் கையில் இருக்கட்டும். ஆபரேஷன் சம்மதப் படிவம் தானாக நிரம்பாததில் குறையே இல்லை. அதைப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். விபத்து, பூச்சிமருந்து, பாம்புக்கடி என்று வந்தால் க்யூஆர் பக்கமே போக வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவை டாக்டர் அங்கேயே போடுவார்.